எட்டு மாதப் பசி

மனிதர்களை ஒழுங்காகச் சாப்பிட வைப்பது எப்படி என்று பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த எனக்கு, கடைசி செமஸ்டரில் கிடைத்த பயிற்சி வேலை, பசித்தவன் கையிலிருந்து சோற்றைப் பிடுங்குவது. என் பெயர் ஆன்சி மோத்தா, ஊர் தூத்துக்குடி. படிப்பு எம்.எஸ்ஸி. மனித ஊட்டச்சத்து இயல், இரண்டாம் ஆண்டு. வேலை செய்த இடம் உடன்குடிக்குப் பக்கத்தில், ராக்கெட் ஏவுதளத்தை ஒட்டி, செந்நிலம் என்கிற நிறுவனம் கட்டியிருந்த எழுப்பு வார்டு.

செவ்வாய்க்குச் சுரங்க வேலைக்குப் போகிறவர்கள் எட்டு மாதம் பயணம் செய்ய வேண்டும். முழித்திருந்தால் சாப்பிடுவார்கள், மூச்சு விடுவார்கள், சண்டை போடுவார்கள். கப்பலில் அரிசி மூட்டை ஏற்றுவதைவிட ஆளைத் தூங்க வைப்பது மலிவு என்று எவனோ ஒரு புத்திசாலி கண்டுபிடித்தான். உடம்பைக் குளிரவைத்து, ஊசி போட்டு, நெஞ்சு எப்போதாவது ஒருமுறை துடிக்கும்படி செய்து பெட்டிக்குள் படுக்க வைத்துவிடுவார்கள். கரடி பனிக்காலத்தில் செய்கிற வேலைதான். ஆனால் கரடி நன்றாகக் கொழுத்துவிட்டுத் தூங்கப் போகும். நம் ஆட்கள் போகும்போதே ஒல்லி, வரும்போது கேட்கவே வேண்டாம்.

அந்த முறை செவ்வாயிலிருந்து வந்திறங்கி, எங்கள் வார்டில் எழுப்பப்பட்டவர்கள் இருபத்து மூன்று பேர். எல்லாரும் சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கத்து ஆண்கள். ஒப்பந்தம் இரண்டு பயணத்துக்கு. அதனால் நாற்பது நாள் தேற்றி, எடை ஏற்றி, அடுத்த கப்பலில் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தத் தேற்றுகிற வேலையை எங்கள் துறைக்குக் கொடுத்திருந்தார்கள். அறுப்பதற்கு முன் ஆட்டுக்குத் தழை போடுகிற வேலை என்று நான் ஒருநாள் வாய்விட்டுச் சொல்லி, பேராசிரியை ரெங்கநாயகி மேடத்திடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நான்காம் நாள் காலை, உறவினர்களை முதன்முதலாக உள்ளே விட்டோம். வாசலில் மேஜை போட்டு செக்யூரிட்டி நின்றார். வந்த பைகளிலிருந்து மஸ்கோத் அல்வா, கருப்பட்டி மிட்டாய், வாழை இலையில் கட்டிய பிரியாணி, முட்டைக் குழம்பு என்று மேஜை கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி நிறைந்துவிட்டது. பறிகொடுத்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் முறைத்தார்கள்.

"ஏன் பாப்பா, அவுக எலும்பாக் கெடக்காவ. ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணியக் குடுத்துட்டு அடுத்ததுக்கு மூணு மணி நேரம் காக்க வைக்கியளே. ஒங்களுக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே கெடையாதா?" என்று கேட்டாள் பேச்சித்தாய். ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த எசக்கிராஜின் மனைவி. முப்பது வயதிருக்கும். தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"அக்கா, ஒடம்புல பாஸ்பேட்னு ஒரு உப்பு இருக்கு. நெஞ்சு துடிக்கவும் மூச்சு விடவும் அது வேணும். எட்டு மாசம் பட்டினி கெடந்ததுல அது அடிமட்டத்துக்குப் போயிருக்கு. இப்ப சோறோ இனிப்போ நெறைய உள்ள போச்சுன்னா, அதச் செரிக்கதுக்கு மிச்சம் இருக்கிற உப்பையும் ஒடம்பு இழுத்துக்கிடும். நெஞ்சுக்கு இல்லாமப் போயிரும். பசியில சாகாத ஆளு சாப்பிட்டுச் செத்துருவாரு."

"சாப்பிட்டு யாராச்சும் சாவாகளா?" என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

இதுதான் இந்தப் படிப்பில் பெரிய கொடுமை. இதயம், மூளை என்று படித்தால் கேட்டுக்கொள்வார்கள். சோற்றைப் பற்றி நாம் எதைச் சொன்னாலும் எதிரில் இருப்பவருக்கு அது நம்மைவிட நன்றாகத் தெரியும்.

மதியம் எசக்கிராஜுக்குக் கஞ்சி கொண்டு போனேன். டம்ளரைப் பிடித்த கை நழுவி, கஞ்சி மார்பில் கொட்டியது. "கை வலுவில்லாம இருக்கு தங்கச்சி" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினார். தலைமாட்டு மானிட்டரில் கோடு தாறுமாறாக ஓடியது. டாக்டர் முபாரக்கைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரின் முகம் கறுத்துவிட்டது. "பாஸ்பேட் சுத்தமா எறங்கிருச்சு. எவனோ சோறு குடுத்திருக்கான்."

"ஏத்திடலாமே டாக்டர்" என்றார் ரெங்கநாயகி மேடம்.

"ஏத்தணும். ஆனா எவ்வளவுன்னு தெரியாம ஏத்தினா கால்சியம் எறங்கி, அதுல போயிருவான். என்ன சாப்பிட்டான், எத்தன மணிக்கு, எவ்வளவு? மூணும் எனக்கு வேணும். இவனால பேச முடியாது."

மேடம் என் பக்கம் திரும்பினார். "ஆன்சி, போய் அவர் மனைவிகிட்ட ரீகால் எடு. கோபப்படாதே. கோபப்பட்டா நமக்கு உண்மை கிடைக்காது."

ரீகால் என்பது எங்கள் படிப்பின் அரிச்சுவடி. நேற்று முழுக்க என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது. கேட்கும்போது முகத்தில் சந்தோஷமும் இருக்கக்கூடாது, அதிர்ச்சியும் இருக்கக்கூடாது. 'சாப்பிட்டீர்களா' என்று கேட்கவே கூடாது. காலையில் எழுந்தது முதல் ஆளைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டே வர வேண்டும், வழியில் சாப்பாடு தானாக வந்து விழும். வகுப்பில் இதற்கு எனக்குத்தான் முதல் மதிப்பெண். அப்போது உள்ளே யாரும் செத்துக்கொண்டிருக்கவில்லை.

பேச்சித்தாய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேள்விப்பட்டு உதடெல்லாம் வெளுத்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, இன்னைக்குக் காலையில எப்ப எந்திரிச்சீங்க?"

"சாப்பாடு ஒண்ணும் கொண்டு வரல பாப்பா. எங்க அம்மன் மேல சத்தியம். வேணும்னா அவருகிட்ட கேளு." செக்யூரிட்டி பக்கம் கையை நீட்டினாள். அவரும் வேகமாகத் தலையாட்டினார்.

"நான் அதக் கேக்கலக்கா. எப்ப எந்திரிச்சீங்க?"

"வெள்ளி மொளைக்கும் போதே."

"எந்திரிச்சு?"

"குளிச்சிட்டுக் கோயிலுக்குப் போனேன்."

உள்ளே மானிட்டர் கத்துவது கேட்டது. திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்கு என் பலம் முழுவதும் தேவைப்பட்டது. "கோயில்ல கூட்டமா?"

"இல்ல. பொங்கல் வைக்க எடம் கெடச்சுது. சக்கரப் பொங்கல். அவுக நல்லபடியா வந்து எறங்குனா மொத வாய் அம்மன் பொங்கல்தான்னு நேர்ந்திருந்தேன்."

"பொங்கல் வச்சு?"

"படைச்சு, தூக்குவாளியில எடுத்துக்கிட்டு இங்க வந்தேன்."

நான் செக்யூரிட்டியைப் பார்த்தேன். அந்த மனிதர் கொஞ்சமும் கூச்சப்படாமல், "அது பிரசாதம்லா மேடம். சாப்பாடுன்னா விடுவேனா? எனக்கும் ஒரு உருண்டை குடுத்தாங்க, கண்ணுல ஒத்திக்கிட்டுதான் வாயில போட்டேன்" என்றார்.

அவர் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவரைச் சொல்லி என்ன பிரயோஜனம்? இரண்டு வருஷமாகத் தெருத் தெருவாக ரீகால் எடுத்திருக்கிறேன். டீயைச் சொல்வார்கள், மிக்சரைச் சொல்வார்கள், அதட்டிக் கேட்டால் ஒளித்துத் தின்ற ஐஸ்கிரீமைக்கூடச் சொல்வார்கள். பிரசாதத்தை ஒருத்தரும் சொன்னதில்லை. என்னைக் கேட்டால் நானும் எங்கள் மாதா கோயில் திருவிழாவில் போடுகிற அசனச் சாப்பாட்டைக் கணக்கில் சொல்லமாட்டேன். சாமி கொடுத்ததில் ஏது கலோரி?

"எவ்வளவுக்கா குடுத்தீங்க?"

"ஒரு வாய்தான் குடுத்தேன். அவுக இன்னும் இன்னும்னு கேட்டாவ. ஆசையாக் கேக்கும்போது எப்படி பாப்பா..."

என் பையில் எப்போதும் அளவுக் கிண்ணங்கள் இருக்கும். நான்கு கிண்ணங்களை பெஞ்சில் வரிசையாக வைத்தேன். "இதுல எதுக்கா?"

பெரிய கிண்ணத்தைத் தொட்டாள். யோசித்துவிட்டு, மறுபடியும் அதையே தொட்டாள்.

"வாளியில மிச்சம் இருக்கா?"

"மிச்சமா? பிரசாதத்த ஒருத்தருக்கு மட்டுமா குடுப்பாக? கட்டில் கட்டிலாப் போயி எல்லாருக்கும் குடுத்தேன். நீங்கல்லாம் வாசல்ல பையப் பிரிச்சிக்கிட்டு நின்னிய."

அவள் சொல்லி முடித்தபோது உள்ளே இரண்டாவது மானிட்டர் கத்த ஆரம்பித்தது. பிறகு மூன்றாவது.

பாஸ்பேட் ஊசி மருந்து ஆறு பேருக்குத்தான் இருந்தது. ஒரே சமயத்தில் ஆறு பேருக்கு மேல் விழமாட்டார்கள் என்று செந்நிலத்தின் மேலாளர் வரதன் கணக்குப் போட்டிருந்தார். தூத்துக்குடியிலிருந்து மருந்து வரும்வரை யாருக்கு ஏற்றுவது, யாரைக் காக்க வைப்பது?

"அதிகம் சாப்பிட்ட ஆறு பேரைக் கண்டுபிடி" என்றார் மேடம். "மத்தவங்களுக்கு வாய் வழியாக் குடுத்துச் சமாளிக்கலாம். கேண்டீன்ல வெண்ணெய் எடுத்த மோர் இருக்கா பார். தண்ணி ஊத்தாம, சர்க்கரை போடாம அப்படியே. மோர்ல பாஸ்பேட் உண்டு."

கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு கட்டில் கட்டிலாக ஓடினேன். எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். கொஞ்சூண்டு மேடம், வாயில வச்சேன் மேடம், ருசி பாத்தேன் மேடம். உயிர் போகிற நேரத்திலும் மனிதன் சாப்பிட்டதைக் குறைத்துத்தான் சொல்வான். நான் வாயைக் கேட்பதை விட்டுவிட்டுக் கையைக் கேட்டேன். "எப்படி வாங்கினீங்க, காட்டுங்க." ஒரு கை நீட்டியவர்களும் உண்டு, இரண்டு கையையும் குவித்தவர்களும் உண்டு. குவித்தவர்களை டாக்டரிடம் கத்திச் சொன்னேன். அவர் ஊசியோடு ஓடினார்.

எசக்கிராஜின் நெஞ்சு ஒருமுறை நின்றது. டாக்டர் மார்பில் ஏறி அழுத்தினார். வெளியே பேச்சித்தாய் போட்ட கூச்சல் சுவரைத் தாண்டி வந்தது. எனக்குத் தெரிந்த அத்தனை புனிதர்களையும் வேண்டிக்கொண்டே பக்கத்துக் கட்டில்காரருக்கு மோரை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினேன். கோடு மறுபடி எழுந்தது.

பொழுது சாய்வதற்குள் மருந்து வண்டி வந்துவிட்டது. ஒருவரும் சாகவில்லை. ஆனால் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் நெஞ்சு கொஞ்சமாவது தடுமாறியிருந்தது. நான் கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் முற்பகல் எசக்கிராஜ் கண் திறந்து தெளிவாகப் பேசினார். நான் மோரை ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"பொங்கல் நல்லா இருந்துச்சு தங்கச்சி."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நல்லாதான் இருக்கும். தெரியாமச் சாப்பிட்டுட்டு எங்க எல்லாரையும் கொன்னு எடுத்துட்டீங்க அண்ணே."

"தெரியாம யாரு சாப்பிட்டா?"

ஸ்பூன் என் கையிலேயே நின்றது. அவர் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். அந்த ஆள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அங்க பெட்டியில படுக்கதுக்கு முன்னாடி எங்களுக்கு வகுப்பு எடுத்தானுவ. எந்திரிச்ச உடனே சோறு, இனிப்பு தின்னா நெஞ்சு நின்னுரும்னு படம் போட்டுக் காட்டினானுவ. அப்படி ஒரு தடவ நெஞ்சு தடுமாறிட்டுன்னா, அந்த ஆள மறுபடி தூங்க வைக்க ஒடம்பு தாங்காதுன்னும் அந்த வாத்திதான் சொன்னாரு. அன்னைக்கே நாங்க பேசி முடிச்சிட்டோம்."

"அப்ப நேர்ச்சை?"

"நாஞ்சொல்லி அவ நேர்ந்ததுதான். அங்கேருந்து கடைசியா அனுப்புன பேச்சுல சொன்னேன். வந்து எறங்குனதும் அம்மனுக்குச் சக்கரப் பொங்கல் வச்சு எடுத்துட்டு வா, எல்லாருக்கும் குடுன்னு. மத்ததெல்லாம் வாசல்ல புடுங்கிக்கிடுவானுவ. பிரசாதத்துல எவன் கைய வைப்பான்?"

"அக்காவுக்கு இது தெரியுமா?"

"தெரிஞ்சா குடுத்திருப்பாளா?" கண்ணை மூடிக்கொண்டார். "வீட்டுக்குப் போயி நான் சொல்லிக்கிடுதேன். இங்க வச்சுச் சொன்னா அவ மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்."

"இருபத்து மூணு பேரும் செத்திருந்தா என்னண்ணே செய்வீங்க? ரெண்டாவது தடவ போறது அதவிட மோசமா?"

அவர் ரொம்ப மெதுவாகச் சொன்னார். "தூக்கம், தூக்கம்ங்கியள. அது தூக்கம் இல்ல தங்கச்சி. கண்ணத் தெறக்க முடியாது. வெரல அசைக்க முடியாது. ஆனா நெனப்பு இருக்கும். பசி இருக்கும். எட்டு மாசமும் பசி மட்டுந்தான் இருக்கும். கத்தணும்னு தோணும், வாய் வராது. எல்லாருக்கும் அப்படித்தான்."

"நீங்க முழிச்ச அன்னைக்கு நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டேனே. தூக்கத்துல பசி தெரிஞ்சுதான்னு."

"தெரிஞ்சுதுன்னு சொன்னா ஆராய்ச்சிக்குன்னு உள்ள வச்சுக்கிடுவானுவ. போன கப்பல்ல ஒருத்தன் சொன்னான். அவன் இன்னும் வீடு வந்து சேரல."

இல்லை என்றுதான் அன்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். தூக்கத்தில் பசி தெரிவதில்லை என்பதுதான் என் ஆய்வேட்டின் மையமே. இத்தனை சுத்தமான முடிவு எந்த மாணவிக்குக் கிடைக்கும் என்று அம்மாவிடம் போனில் பீற்றிக்கொண்டது ஞாபகம் வந்தது.

அன்று மாலையே வரதன் வந்துவிட்டார். மடிப்புக் கலையாத சட்டை, பதற்றமில்லாத குரல். மேடத்தின் அறையில் என்னை உட்காரச் சொன்னார்.

"எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சாப் போதும்மா. தெரியாம சாப்பிட்டிருந்தா இது விபத்து. உடம்பு இனிமே லாயக்கில்லைன்னு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவோம். தெரிஞ்சே சாப்பிட்டிருந்தா, இது ஒப்பந்தத்தை முறிக்கப் போட்ட நாடகம். அப்படின்னா தேறினதும் எங்க ஆராய்ச்சிக்கூடத்துல வச்சுப்போம். கெட்டுப்போன நெஞ்சையும் தூங்க வைக்க வழி கண்டுபிடிக்கணும் இல்லையா? நீதான் அவங்ககிட்ட பேசினவ. அவங்களுக்குத் தெரியுமா?"

மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறாரா என்பதை முகத்தில் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

"தெரியாது சார். பிரசாதம்தானேன்னு சாப்பிட்டிருக்காங்க."

"வகுப்பு எடுத்தோமே?"

"பிரசாதத்தப் பத்தி வகுப்புல சொன்னீங்களா சார்?"

வரதன் தலையாட்டினார். "அப்ப தப்பு முழுக்க அந்தம்மாவோடது."

இல்லை என்று சொன்னால் இருபத்து மூன்று பேரும் திரும்ப அவர் கைக்குப் போய்விடுவார்கள்.

"ஆமா சார்" என்றேன்.

"சரியாக் கேட்டியா ஆன்சி?" என்றார் மேடம்.

"மூணு தடவ கேட்டேன் மேடம்."

"அப்ப சரிதான்" என்று வரதனிடம் சொன்னார். அவர் எழுந்து போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "இப்ப என்கிட்ட என்ன சொல்லணுமோ சொல்லு."

"என் ஆய்வேடு தப்பு மேடம். அவங்க தூங்கும்போது கப்பல்ல மெஷின் எடுத்த ரத்தம் நம்ம குளிர்பெட்டியில இருக்கு. அதுல பசி ஹார்மோன் எவ்வளவு இருக்குன்னு பாக்கணும். யாரையும் வாய்விட்டுக் கேக்க வேண்டாம். ரத்தமே சொல்லட்டும்."

"பட்டம் ஒரு வருஷம் தள்ளிப் போகும்."

"போகட்டும் மேடம். அடுத்த கப்பல் கெளம்பறதுக்குள்ள முடிக்கணும்."

அவர் குளிர்பெட்டிச் சாவியை எடுத்து மேஜையில் வைத்தார்.

நான் வெளியே வந்தபோது வரதனின் ஆட்கள் ஏற்கெனவே உறவினர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தார்கள். உறவுக்காரப் பெண் ஒருத்தியின் அறிவில்லாத செயலால் ஏற்பட்ட விபத்து என்று. வேப்பமரத்தடியில் பெண்கள் ஒரு பக்கமாக நின்று வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார்கள். பேச்சித்தாய் இன்னொரு பக்கம் தனியாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். நேற்று வைத்த பிச்சிப்பூ வாடிப்போய்த் தலையிலேயே இருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எல்லாரையும் கொல்லப் பாத்துட்டேன் பாப்பா" என்றாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "நீ அத்தன தூரம் சொன்னியே. நாஞ்சிரிச்சேனே. இனி அவுக மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்ல வாய் துடித்தது. அந்தப் பெண்களின் முன்னால் அவள் முகம் ஒரு நொடி மலர்ந்தால் போதும், வரதன் காதுக்குப் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் முதுகைத் தடவினேன்.

"அவுக பேசுதாவளாமே. என்னயப் பத்தி என்ன சொன்னாவ? வையுதாவளா?"

"இல்லக்கா. பொங்கல் நல்லா இருந்துச்சுன்னு சொன்னாரு."

அவள் நிமிர்ந்து என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு என் கையைத் தன் முதுகிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டாள்.

"எனக்காவப் பொய் சொல்லாத பாப்பா" என்றாள்.

அன்றைக்கு எசக்கிராஜைப் பற்றி நான் அடுத்தவரிடம் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. அவள் நம்பவில்லை.